காலேஜ் பசங்க வெளிநாட்டு பிராண்ட் டி-சர்ட்டையே கேட்பது ஏன்? திருப்பூரில் சொந்த பிராண்ட் தொடங்க யோசனை தேவை

நூல்கண்டு கேட்டது:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற சின்ன யூனிட் எங்களுது. கட்டிங், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், செக்கிங், அயர்னிங் எல்லாம் உள்ளேயே இருக்கு. துணியும் சாயமும் வெளியிலதான். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டதிலிருந்து எக்ஸ்போர்ட்டை மட்டும் நம்பி இருக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அதனால 18 முதல் 24 வயசுக்காரங்களுக்கு சொந்த பிராண்ட்ல டி-சர்ட் போடலாம்னு யோசனை. ஓவர்சைஸ் மாடல், 599 ரூபாய் எம்ஆர்பி.

சுத்துவட்டார காலேஜ் பசங்ககிட்ட விசாரிச்சா முக்கால்வாசிப் பேர் ஜாரா, ஹெச் அண்ட் எம், யுனிக்லோ, லீவைஸ்னுதான் சொல்றாங்க. அந்த மாதிரி கம்பெனிகளுக்குப் போற துணியும் தையலும் இந்த ஊர்லயே நடக்குது. அப்புறம் ஏன் நம்ம பேர்ல போட்டா எடுக்க மாட்டேங்கறாங்க? வெளிநாட்டு மோகம்தானா, இல்ல சரக்குலயே நாம விடற குறை ஏதாச்சும் இருக்கா? பேரை மட்டும் இங்கிலீஷ்காரன் பேர் மாதிரி வெச்சா வேலை முடிஞ்சிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அளவுநாடா:

"அதே துணி, அதே தையல்" என்பதை முதலில் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவோம். மெஷின் ஒன்று, டெய்லர் ஒருவர் என்பதெல்லாம் சரி. ஆனால் எக்ஸ்போர்ட் பீஸுக்கு நடக்கிற சோதனை லோக்கல் பீஸுக்கு நடப்பதில்லை. பையர் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு கம்பெனி) கேட்கிறார் என்பதற்காக ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்குவது), கலர் ஃபாஸ்ட்னெஸ் (சாயம் போகாமல் நிற்பது), பில்லிங் (மேலே இழை உருண்டு மணியாவது) எல்லாம் லேபுக்குப் போகிறது, ஏக்யூஎல் 2.5 (மாதிரி பீஸ்களில் எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) வைத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது. லோக்கலுக்கு யாரும் கேட்பதில்லை, அதனால் எதுவும் நடப்பதில்லை. வாங்குகிற பையனுக்கு இதெல்லாம் தெரியாது. மூன்றாவது துவைப்பில் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தால் மட்டும் நன்றாகத் தெரியும்.

பெரும்பாலான லோக்கல் டி-சர்ட்டின் அடிப்படைக் கோளாறு ஒன்றுதான். துணி கிலோ கணக்கில் வருகிறது, டி-சர்ட் பீஸ் கணக்கில் போகிறது. காம்பாக்டிங்கில் (சாயமிட்ட பின்னல் துணியை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் வேலை) அகலத்தை இழுத்து விட்டால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறையும், கிலோவுக்குக் கூடுதலாக பீஸ் விழும். பில்லில் 180 என்று இருக்கும், வெட்டி நிறுத்தால் 165 வரும். இழுத்து வைத்த துணி தண்ணீர் பட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். அகலத்தில் இழுத்தது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் இழுத்தது நீளத்தில் சுருங்கும். "லோக்கல் டி-சர்ட் ஒரு தடவை துவைச்சா தம்பிக்குத்தான்" என்ற பேச்சு இங்கிருந்து பிறந்ததுதான்.

துணி வந்ததும் நீங்களே பார்க்க வேண்டியவை:

ஜிஎஸ்எம். வட்டக் கட்டர் வெட்டித் தருவது சரியாக 100 சதுர செ.மீ. அதை கிராம் தராசில் வைத்து 100 ஆல் பெருக்குங்கள். 2.2 கிராம் என்றால் 220. ரோலின் ஓரத்தில் வெட்டாதீர்கள். குறுக்கே மூன்று இடம், அடுத்து இரண்டு மீட்டர் தள்ளி மூன்று இடம் வெட்டிச் சராசரி எடுங்கள். 5% கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் ரோலைத் திருப்பி அனுப்புங்கள்.

ஷ்ரிங்கேஜ். 60 செ.மீ. துண்டு வெட்டி, உள்ளே 50க்கு 50 சதுரம் அழியாத மார்க்கரில் போட்டு, வீட்டு வாஷிங் மெஷினில் 40 டிகிரியில் மூன்று முறை துவைத்து, தட்டையாகப் போட்டுக் காய வைத்து அளங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டு, பொய் கணக்குக் காட்டும். 47.5க்குக் கீழே இறங்கினால் 5% தாண்டிவிட்டது என்று பொருள்.

முறுக்கம், அதாவது ஸ்பைராலிட்டி. தைத்த பீஸைத் துவைத்துவிட்டு, பக்கத் தையல் கீழ் ஹெம்மில் எத்தனை செ.மீ. நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பக்க நீளம் 45 செ.மீ., நகர்வு 2.5 என்றால் ஐந்தரை சதவீதம். 5% தான் எல்லை. சிங்கிள் ஜெர்சியில் (வழக்கமான டி-சர்ட் பின்னல்) நூலின் ட்விஸ்ட், அதாவது முறுக்கு, அதிகமானாலும், பின்னல் மெஷினில் ஃபீடர் (நூலை ஊசிக்குக் கொடுக்கும் பாகம்) எண்ணிக்கை அதிகமானாலும் இது கூடும். எஸ் ட்விஸ்ட், இசட் ட்விஸ்ட் என்று எதிரெதிர்த் திசையில் முறுக்கிய நூலை மாற்றி மாற்றி ஃபீடரில் கொடுத்தால் குறையும், ஆனால் சின்ன ஆர்டருக்கு நிட்டிங்காரர் இதற்கு ஒத்துக்கொள்வது கஷ்டம். குறைந்தபட்சம் நிட்டிங்குக்கென்று வரும் ட்விஸ்ட் குறைந்த நூலா என்று கேட்டு வாங்குங்கள்.

சாயம். நனைத்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். ஓவர்சைஸில் அதிகம் போவது கறுப்பு, நேவி. மோசமாக ஒட்டுவதும் அவைதான்.

பில்லிங்குக்குத் தனியே ஒரு வார்த்தை. கார்டட் நூலில் குட்டை இழை அதிகம், அது மேலே வந்து உருண்டு மணியாகிறது. குட்டை இழையைச் சீவி நீக்கிய கோம்டு நூல், அதன்மேல் என்சைம் போட்ட பயோ வாஷ் என்றால் பிரச்சினை பெரிதும் குறையும். பயோ வாஷ் மட்டும் போட்டு கார்டடை கோம்டு என்று விற்பவர்கள் உண்டு. கடையில் தொட்டால் பளபளவென்று இருக்கும், சில துவைப்புக்குப் பிறகு குட்டு வெளிப்படும்.

ரோல் வந்த அன்றைக்கே கட்டிங் போடாதீர்கள். பிரித்து, மடித்துப் போட்டு, ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். லைக்ரா (இழுபடும் இழை) கலந்திருந்தால் கட்டாயம் 24 மணி நேரம்.

---

கடைவீதி_கோவை:

அளவுநாடா சார் சொன்னது அத்தனையும் சரி. ஆனா அது ரெண்டாவது தடவை வாங்க வைக்கிறதுக்கு. முதல் தடவை பையன் ஏன் கையில எடுக்கிறான்கிறது வேற கணக்கு. அங்கே துணி ஜெயிக்கிறதில்ல. மால்ல இருக்கிற வெளிநாட்டு பிராண்ட் ரேக்ல 150 ஜிஎஸ்எம் துணியும் நிறையத் தொங்குது, அதையும் எடுத்துட்டுத்தான் போறாங்க.

எடுக்க வைக்கிறது ஃபிட். ஓவர்சைஸ்னா நம்ம ஆளுங்க செய்றது என்னன்னா, ரெகுலர் பேட்டர்னோட டபுள் எக்ஸ்எல்லை எடுத்து அதுல எல்-ங்கிற லேபிளைத் தைச்சுடறாங்க. மார்பு அகலம் வந்துடும். கூடவே கழுத்தும் அகலமாகி காலர் எலும்பு தெரியும், நீளம் தொடை வரைக்கும் இறங்கி நைட்டி மாதிரி நிக்கும். ஓவர்சைஸ் தனி பேட்டர்ன். எல் சைஸுக்குத் தட்டையா வெச்சு அளந்தா மார்பு 58-லிருந்து 60 செ.மீ., ரெகுலர் எல்-னா 53, 54. தோள்பட்டை இறங்கி 54-லிருந்து 56. ஆனா நீளம் 72, 74-ஐத் தாண்டக் கூடாது. கழுத்து ரெகுலர் அளவுலயே இருக்கணும். கை முழங்கைகிட்ட வந்து, வாய் அகலமா நிக்கணும். அது விறைப்பா நிக்கத்தான் 220, 240 ஜிஎஸ்எம் கேட்கிறாங்க. 180-ல ஓவர்சைஸ் தைச்சா தொளதொளன்னு தொங்கும்.

கழுத்து ரிப் (கழுத்தைச் சுத்தி வர்ற இழுபடற பட்டை) விஷயம் ரொம்ப முக்கியம். ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நிக்கிறவன் கண்ணு முதல்ல போற இடம் அது. லைக்ரா போட்ட ஒண்ணுக்கு ஒண்ணு ரிப், கழுத்து வாய்ச் சுற்றளவுல 85-லிருந்து 90% நீளத்துக்கு வெட்டி, இழுத்து ஏத்தணும். நீளமா விட்டா கழுத்து அலையலையா நிக்கும், குறைச்சு வெட்டினா சுருக்கம் விழும். அகலம் 2.5 செ.மீ. இருந்தா இப்போதைய லுக் வரும். ஒன்றரை செ.மீ.ல விட்டீங்கன்னா உள் பனியனாத்தான் பார்ப்பாங்க.

அடுத்தது புதுசு. ஜாரா கடைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை புது சரக்கு இறங்குது. நம்ம லோக்கல் பிராண்டுக்கு தீபாவளி, பொங்கல்னு வருஷத்துக்கு ரெண்டு சீசன். பசங்க கடைக்குப் போறதே ஏதாச்சும் புதுசா வந்திருக்கான்னு பார்க்கத்தான். ஒரே நேரத்துல இருபது டிசைன் இறக்காம, மூணு வாரத்துக்கு ஒரு தடவை மூணு டிசைன் இறக்குங்க.

விலையைப் பத்தி. 599-ல 5% ஜிஎஸ்டி உள்ளடங்கி இருக்கு. 1.05 ஆல வகுத்தா 570.48. கடைக்கு அதுல 35% மார்ஜின்னு வெச்சா உங்க கைக்கு வர்றது சுமார் 370 ரூபாய். துணி, தையல், பிரிண்ட், பேக்கிங், வண்டி வாடகை, விளம்பரம், விக்காம தங்கறது எல்லாம் அதுக்குள்ள. 40% ஆடித் தள்ளுபடி போட்டா விக்கிற விலை 359, வரி போக 342, கடை மார்ஜின் போக 222. இந்த 222-லயும் கை கடிக்காம நிக்கணும், அப்படி இல்லைன்னா 599-ங்கிற விலையே தப்பு. வரிங்கிறதால உள்நாடு, வெளிநாடுன்னு வித்தியாசம் ஒண்ணும் இல்ல. 2025 செப்டம்பர் 22-லிருந்து பீஸ் 2500 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. முன்னாடி 1000 ரூபாய்தான் எல்லை. 2500-க்குள்ள இருக்கிற டி-சர்ட் எல்லாம் இப்ப 5%க்குள்ள வந்துடுது.

இன்னொண்ணு, நீங்க ஜாராவோட மோதறதா நினைச்சுட்டு இருக்கீங்க. 599 ரூபாய்ல உங்க எதிரி ஜூடியோ. அது டாடா குழுமத்து டிரென்ட் கம்பெனியோடது, ஆயிரம் ரூபாய்க்குள்ள எல்லாத்தையும் அடக்கி வெச்சிருக்காங்க. அதே பசங்கதான் அங்கேயும் க்யூல நிக்கிறாங்க. வெளிநாட்டு மோகம்னு சொல்லி முடிச்சிட்டா இது எப்படின்னு விளங்காது.

---

பத்துரூபாய்பேனா:

பேசாம ஒரு இத்தாலிக்காரன் பேரா வெச்சு, கீழ 'மிலான்'னு ஒரு வரி போட்டுடுங்க ப்ரோ. பீட்டர் இங்கிலாந்து, ஆலன் சோலி, லூயி ஃபிலிப் எல்லாம் ஆதித்ய பிர்லா கம்பெனிதான். மான்டே கார்லோ லூதியானா. ஃப்ளையிங் மெஷின் அர்விந்த். இவங்க யாரும் கெட்டுப் போயிடலையே?

---

எண்ணிப்பார்:

பேர் வேறு, ஊர் வேறு. ஆலன் சோலிக்கு இங்கிலாந்தில் பழைய வேர் இருக்கிறது, உரிமையை விலை கொடுத்து வாங்கினார்கள். இத்தாலியில் எதுவுமே இல்லாமல் 'மிலான்' என்று போட்டால் அது பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஏமாற்றுவதாகும். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 9இல் அதை வைத்தே விண்ணப்பத்தை மறுக்கலாம். பெயர் பதிவு செய்யும்போது துணிமணிக்கு வகுப்பு 25. முதலில் அந்த வகுப்பில் அதே போல ஒலிக்கும் பெயர் உண்டா என்று தேடுங்கள், எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஆட்சேபம் வரும். தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் பதிவு (அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறு நிறுவனத்துக்கு ஆன்லைன் கட்டணம் 4500 ரூபாய், மற்றவர்களுக்கு 9000. கற்பனைப் பெயர், எந்த ஊரையும் சொல்லாத பெயர், அதுதான் பாதுகாப்பு.

நூல்கண்டு, உங்கள் விசாரணையில் ஒரு ஓட்டை. "எந்த பிராண்ட் பிடிக்கும்?" என்று கேட்டால் நினைவுக்கு முதலில் வரும் பெயரைச் சொல்வார்கள். அது விருப்பம் இல்லை, ஞாபகம். அதையே திருப்பி "இந்தியப் பொருளை ஆதரிப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் ஆமாம் என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு முதலீடு செய்ய முடியாது. உள்நாட்டுப் பற்றை அளக்க ஷிம்ப், சர்மா இருவரும் 1987இல் அமெரிக்காவில் உருவாக்கிய 17 வாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. எம்பிஏ புராஜெக்ட்டுகளில் அதைத் தமிழாக்கி அப்படியே ஒட்டுவது வழக்கம். அது மனப்பான்மையை அளக்கும். 599 ரூபாய் டி-சர்ட் கையில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதை அதிலிருந்து ஊகிப்பது வீண்.

வெளிநாட்டுப் பெயருக்கு மவுசே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராஜீவ் பத்ராவும் கூட்டாளிகளும் இந்திய நுகர்வோரை வைத்துச் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டது என்று தோன்றும் பிராண்டுக்குத் தரத்தையும் தாண்டி அந்தஸ்து காரணமாகவும் கூடுதல் விருப்பம் இருந்தது. வளர்ந்த நாடுகளின் வாழ்க்கைமுறையை வியப்பவர்களிடம் அது இன்னும் அதிகம். கவனிக்க வேண்டியது "தோன்றும்" என்பதை. ஜாக்கி அமெரிக்கப் பெயர், இங்கே தைத்து விற்பது பெங்களூரு பேஜ் இண்டஸ்ட்ரீஸ். ஷீன் செயலியை 2020 ஜூனில் தடை செய்தார்கள், 2025 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கைப்பிடித்து, இந்தியாவில் தைத்த சரக்கோடு திரும்ப வந்தது. இதில் எது உள்நாடு, எது வெளிநாடு என்று ஒரு மாணவரிடம் கேட்டால் பதில் எப்படி வரும்? ஆகவே பிராண்டின் ஊர், தைத்த ஊர், பெயர் ஒலிக்கும் ஊர் மூன்றையும் பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு உங்கள் சரக்கை வைத்தே விடை காணலாம். செலவு அதிகமில்லை.

இரண்டு துணியில் ஒரே பேட்டர்ன், ஒரே கறுப்பு: ஒன்று கோம்டு 220, மற்றது வழக்கமான லோக்கல் 180. இரண்டு கழுத்து லேபிள்: ஒன்று வெளிநாட்டது போல ஒலிக்கும் கற்பனைப் பெயர், மற்றது தமிழ்ப் பெயர். இருக்கிற கம்பெனியின் பெயரைச் சோதனைக்குக்கூடத் தைக்காதீர்கள், அது போலிச் சரக்கு. எழுத்துரு, நிறம், லேபிள் அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். தமிழ் லேபிளை மட்டும் மலிவான சாட்டினில் அச்சடித்தால் நீங்கள் அளப்பது பெயரை அல்ல, சாட்டினை. ஆக நான்கு விதம். ஒரு விதத்துக்கு 30 பேர், மொத்தம் 120 பேர்.

ஒருவருக்கு ஒரு டி-சர்ட் மட்டும் காட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் எதைச் சோதிக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், காலையில் வருபவர்களுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று வைத்தால் கலைக்கல்லூரி ஒரு பக்கமும் பொறியியல் ஒரு பக்கமும் போய்ச் சேரும். தொட்டுப் பார்க்க, போட்டுப் பார்க்க விடுங்கள். கேட்க வேண்டியது மூன்றே மூன்று: இதன் தரத்துக்கு 7க்கு எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள், இது எந்த நாட்டு பிராண்ட் என்று நினைக்கிறீர்கள். மூன்றாவது கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் கேட்டால் மற்ற இரண்டு பதிலையும் அது கெடுத்துவிடும்.

கணக்கு: லேபிள் வாரியாக 60க்கு 60, துணி வாரியாக 60க்கு 60 சராசரி விலையை ஒப்பிடுங்கள். பதில்களின் திட்டவிலக்கம் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 150 ரூபாய் வாக்கில் இருந்தால், 50, 55 ரூபாய்க்குக் கீழான வித்தியாசத்தை நம்பாதீர்கள், அது சும்மாவே வரும். துணியால் வரும் வித்தியாசம் லேபிளால் வருவதைவிடப் பெரிதாக இருந்தால் காசை துணியில் போடுங்கள்.

---

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றிங்க. டெஸ்ட்டைச் செஞ்சு பார்க்கறோம். ஒரு சந்தேகம். கடைவீதி அண்ணா மூணு வாரத்துக்கு மூணு டிசைன்னு சொல்றாரு. சாயப்பட்டறையில ஒரு கலருக்கு 100 கிலோவுக்குக் கீழ எடுக்க மாட்டேங்கறாங்க. 220 ஜிஎஸ்எம் ஓவர்சைஸ் ஒரு பீஸுக்கு வேஸ்ட் சேர்த்து 300 கிராம் வாக்குல ஆகும். கலருக்கு 300 பீஸுக்கு மேல வந்துடுதே. மூணு கலர்னா ஆயிரம் பீஸ். போகாத கலர் தங்கிடுச்சுன்னா?

அதோட இன்னொண்ணு, இங்க காதர்பேட்டை மார்க்கெட்ல சர்ப்ளஸ் (எக்ஸ்போர்ட் ஆர்டர்ல மிஞ்சின சரக்கு) வாங்கி நம்ம லேபிளை மாத்தித் தைச்சு ஆரம்பிங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. அது சரியா?

---

கடைவீதி_கோவை:

சர்ப்ளஸ்ல சைஸ் செட் கிடைக்காது தம்பி. எஸ் நாப்பது, எக்ஸ்எல் பத்து, எம் இல்லவே இல்லன்னு வரும். கடைக்கு எஸ், எம், எல், எக்ஸ்எல் ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணுன்னு செட்டாக் கொடுத்தாத்தான் ரேக் நிக்கும். ஒரு டிசைன் நல்லாப் போச்சுன்னு திரும்பக் கேட்டா அதே சரக்கு கிடைக்கவும் கிடைக்காது. பிராண்ட் கட்டறதுக்கு சர்ப்ளஸ் உதவாது, சந்தையில கடை போடறதுக்கு உதவும்.

---

எண்ணிப்பார்:

சட்டப்படியும் சிக்கல். பையரின் டிசைன், பிரிண்ட், சில சமயம் பட்டன், ரிவெட்டில்கூட அவர் பெயர் இருக்கும். லேபிளை வெட்டினாலும் அவை போகாது. அந்த பையருக்கே ஜாப் ஒர்க் செய்கிற யூனிட் இதைச் செய்தால் ஆர்டரும் போகும்.

---

சாயத்தொட்டி:

100 கிலோ பிரச்சினைக்கு மூன்று வழி. சாம்பிள் வின்ச்சில் (சின்ன சாய மெஷின்) 10, 25 கிலோ போடலாம், கிலோவுக்கான கூலி அதிகம், பெரிய லாட்டோடு (ஒரே தடவையில் சாயமிட்ட துணித் தொகுதி) ஷேடும் சரியாகப் பொருந்தாது. ஒரே ஒரு தடவை மட்டும் வரும் கலருக்கு இது போதும். இரண்டாவது, ரெடி ஸ்டாக் வைத்திருக்கும் துணி வியாபாரியிடம் கறுப்பு, வெள்ளை, நேவி, பாட்டில் கிரீன் மாதிரி ஓடுகிற கலரை 20, 30 கிலோ ரோலாக எடுப்பது. அளவுநாடா சொன்ன சோதனை முழுவதும் இங்கே கட்டாயம், ஏனென்றால் இழுத்த துணி அதிகம் புழங்குவது இந்த இடத்தில்தான். ரிப்பையும் அதே லாட்டில் கேளுங்கள். உடம்புத் துணி ஒரு லாட், கழுத்து ரிப் வேறொரு லாட் என்றால் ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் போய் நின்றால் கழுத்து மட்டும் தனியாகத் தெரியும்.

மூன்றாவது, கார்மென்ட் டையிங், அதாவது தைத்த பிறகு சாயமிடுவது. சாயத்துக்குத் தயாரான வெள்ளைத் துணியில் 1000 பீஸையும் தைத்து வைத்துவிடுங்கள். எந்தக் கலர் ஓடுகிறதோ அதற்கு 50, 100 பீஸாகச் சாயத்துக்கு அனுப்பலாம், போகாத கலர் தங்கும் பயம் இல்லை. மங்கிய, கழுவிய மாதிரி லுக் வருவதும் இதில்தான். அது இப்போது அந்த வயதுக்காரர்களுக்குப் பிடித்தும் இருக்கிறது.

தவறுவது மூன்று இடத்தில். ஒன்று, தைத்த பிறகு சாயத்தொட்டிக்குள் போவதால் சுருக்கம் முழுவதும் பீஸிலேயே விழும். துணியின் ஷ்ரிங்கேஜை முதலில் எடுத்து, பேட்டர்னை அந்த அளவு பெருக்கி வெட்ட வேண்டும். நீளத்தில் 6% சுருங்கும் துணியில் 74 செ.மீ. வேண்டுமென்றால் 74ஐ 0.94 ஆல் வகுத்து 78.7 வைக்க வேண்டும். 74இல் 6% கூட்டி 78.4 என்று போடுவது வழக்கமான பிசகு. அகலத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு பக்கமும் ஒரே சதவீதம் சுருங்காது.

இரண்டு, கறை. தைக்கும்போது விழுந்த மெஷின் எண்ணெய்ச் சொட்டு வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெளிறிய புள்ளியாக நிற்கும். சாயத்துக்கு முன்பே செக்கிங்கை முடித்துவிடுங்கள், பின்னால் பார்த்தால் சரிசெய்ய வழியில்லை.

மூன்று, தையல் நூல். வழக்கமான பாலியஸ்டர் நூலில் தைத்தால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் அதில் ஏறாது, கறுப்பு டி-சர்ட்டில் எல்லாத் தையலும் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். சாயத்துக்கென்று வரும் பருத்தி நூல் கேட்டு வாங்குங்கள். மெர்சரைஸ் செய்த (காரத்தில் பளபளப்பேற்றிய) நூல் துணியைவிட ஆழமாகச் சாயம் பிடிக்கும், அதனால் ஒரு பீஸைத் தைத்து, சாயமிட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். பருத்தி நூல் ஓவர்லாக்கில் அடிக்கடி அறும், டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். மெயின் லேபிள் பாலியஸ்டரில் நெய்ததாக இருந்தால் சாயம் பிடிக்காமல் தப்பித்துவிடும், ஆனால் சாயத்தொட்டியில் ஓரம் பிரியும். லேபிளைச் சாயத்துக்குப் பிறகு தைப்பதே மேல். அந்த 120 பேர் சோதனைக்கும் அதுதான் வசதி, எந்த லேபிள் என்பதைக் கடைசி நாள்வரை தள்ளிப் போடலாம்.